கதைக்குக் கரு எங்கிருந்து வருகிறது? எழுதத் தொடங்கும் ஒருவருக்குப் பதில்

கேள்வி: “மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வயது 29. பத்து ஆண்டுகளாகக் கதைகள் படிக்கிறேன், எழுதவும் ஆசை. உட்கார்ந்தால் கரு கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இரண்டு பக்கத்தில் நின்றுவிடுகிறது. எழுதும்படி என் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடந்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது? அடிப்படையாக எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?”

கேள்வியில் ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை. நாள் முழுக்க ஊர்மக்கள் வந்து நிற்கும் மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு, எழுதும்படி எதுவும் நடக்கவில்லை என்கிறீர்கள். மருத்துவர் கொடுத்த சீட்டை நீட்டிவிட்டு, மொத்த விலையைக் கேட்டதும், “இதில் எது முக்கியமோ அதை மட்டும் கொடுங்கள்” என்று தணிந்த குரலில் சொல்கிறவர்களை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். பாதி அட்டை மாத்திரையை வெட்டிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனித்திருப்பீர்கள். கடையில் அப்படித்தான் நடந்துகொள்ள முடியும். ஆனால் இரவு வீட்டுக்கு வந்தபின் அந்த மனிதரைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டுப் பார்த்தீர்களா? கரு அந்தக் கேள்வியில்தான் பிடிபடும்.

அசோகமித்திரன் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். அங்கே வந்துபோன புகழ்பெற்ற முகங்களுக்குக் குறைவில்லை. அவர் எழுதிய ‘புலிக்கலைஞன்’ கதையில் வருகிறவனோ வேலை கேட்டு அலுவலகத்துக்குள் நுழைந்து, அங்கேயே புலியாகப் பாய்ந்து காட்டிவிட்டு, பிறகு தேடியும் அகப்படாமல் போன ஒரு ஏழைக் கலைஞன். வேலை செய்யும் இடத்தின் ஓரத்தில் நிற்கிறவர்களைப் பார்க்கத் தெரிந்தவர் அவர். உங்களிடமும் அப்படி ஓர் இடம் இருக்கிறது.

ஊரிலும் வாழ்க்கையிலும் விஷயம் தீர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்களிடம் நான் இடைசெவலைத்தான் சொல்வது வழக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள கரிசல் கிராமம் அது. கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அங்கே பிறந்தார்கள், அதுவும் ஒரே 1923ஆம் ஆண்டில். சிறு வயது முதல் நண்பர்கள். இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள்: அழகிரிசாமிக்கு அவர் மறைந்த பிறகு 1970இல், கி.ரா.வுக்கு 1991இல். அதே மண், அதே வெயில், அதே பருத்திக்காடு. ஆனால் ஒருவர் கதையை மற்றவர் எழுதியிருக்க முடியாது. கி.ரா. எழுதத் தொடங்கியதே முப்பது வயதைக் கடந்த பிறகுதான். ஆகவே வயதைப் பற்றியும் நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இனி ‘கரு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். கரு என்றாலே ஒரு கருத்து, ஒரு நீதி, ஒரு திருப்பம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ‘பெண் கல்வியைப் பற்றி எழுதப் போகிறேன்’, ‘முதியோர் படும் பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன்’ என்பார்கள். பழைய இலக்கண நூலான தொல்காப்பியம், காதலைப் பாடும் அகப்பாட்டுக்கு மூன்று பொருள் சொல்கிறது: முதல், கரு, உரி. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்துக்கே உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலானவை. உரிப்பொருள் என்பது மனத்தில் நடப்பது: கூடலும் பிரிவும் காத்திருப்பும் இரங்கலும் ஊடலும். கவனியுங்கள், ‘கரு’ என்ற பெயரை நம் இலக்கணம் கருத்துக்குக் கொடுக்கவில்லை. கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய பொருள்களுக்குக் கொடுத்திருக்கிறது. கதை எழுத வருகிறவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது. பொருளைப் பிடியுங்கள், மனம் அதன் வழியாக வந்து சேரும்.

குறுந்தொகையில் கபிலரின் ஐந்தடிப் பாட்டு ஒன்று இருக்கிறது, 25ஆம் பாட்டு. தன்னைச் சேர்ந்தவன் சொன்ன சொல் தவறிவிட்டால் என்ன செய்வேன் என்று ஒரு பெண் கலங்குகிறாள். அன்று அங்கே வேறு யாருமில்லை, அவன் மட்டும்தான். பிறகு அவளுக்கு நினைவு வருகிறது: ஒரு குருகும் இருந்தது. தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. பாட்டு அவ்வளவுதான். அவளுக்கு இருக்கும் ஒரே சாட்சி ஒரு பறவை, அதற்கும் தன் இரைமீதுதான் கண். அவளுடைய தனிமையைப் பற்றிக் கபிலர் தனியாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கொக்கின் காலைச் சொன்னார், போதுமாக இருந்தது.

சரி, இதை நம் நாள்களில் எப்படிச் செய்வது? நானே ஒரு கருவைப் பின்தொடர்ந்த விதத்தைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை 2020இல் வந்தது. அது வந்து சில மாதம் கழித்து நான் வரிசையில் நின்றிருந்தபோது, முன்னால் நின்ற ஒரு பாட்டிக்கு ரேகை விழவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறுபடி கட்டைவிரல். தலைமுடியில் தேய்த்துவிட்டு வைத்தார், சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார். காலமெல்லாம் உழைத்துத் தேய்ந்த விரல். “கார்டில் பெயர் இருக்கிற வேறு யாராவது வந்து வைக்கட்டும்” என்றார் விற்பனையாளர். “மகன் திருப்பூரில் இருக்கிறான்” என்று சொல்லிவிட்டு, வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டி போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: ‘ரேகை விழாத பாட்டி. பையை மடித்தது. மகன் திருப்பூர்.’ அந்த வாரமே எழுதவும் உட்கார்ந்தேன். வந்தது கட்டுரை. இயந்திரம் ஏழைகளை எப்படி அலைக்கழிக்கிறது என்று நான்கு பக்கம். அதில் எனக்கு உண்மையான கோபம் இருந்தது, ஆனால் கதை இல்லை. பாட்டி அதில் ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் இரண்டு பக்கத்தில் நின்றுவிடுவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். சம்பவத்தைச் சொல்லி முடித்ததும் சரக்கு தீர்ந்துவிடுகிறது. சம்பவத்துக்குள் இருக்கும் ஆளுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தால்தான் மூன்றாம் பக்கம் வரும்.

அந்தப் பாட்டிக்கு என்ன வேண்டும்? அரிசி, சர்க்கரை என்பது முதலில் வரும் விடை. முதலில் வரும் விடையை எழுதாதீர்கள். அது எல்லோருக்கும் வரும். நோட்டைப் பல நாள் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மகன் ரேகை வைக்க வந்தானா? வந்திருப்பான். எத்தனை மாதம் கழித்து வந்தான்? வந்தவன் சாப்பிட்டானா, இரவு தங்கினானா? அடுத்த மாதம் பாட்டியின் விரலை இயந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியில்தான் கதவு திறந்தது. ரேகை விழுந்துவிட்டால் மகன் வர வேண்டியதில்லை. அதனால் ரேஷன் கடைக்குப் புறப்படும் முன்னால் அவள் வாசற்படிக் கல்லில் கட்டைவிரலைத் தேய்க்கிறாள்.

இப்போது ஒரு மனுஷி கிடைத்துவிட்டாள். அவளுக்கு ஓர் ஆசை இருக்கிறது, அதற்கு ஒரு தடை இருக்கிறது, அந்தத் தடையைத் தாண்ட அவள் கொடுக்கும் விலை ஒன்றும் இருக்கிறது. புனைவின் அடிப்படை என்று என்னை ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஆசை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஆளுக்கு அது பெரிதாக இருக்க வேண்டும்.

இனிமேல்தான் விசாரிக்க வேண்டும். விசாரிப்பது கற்பனைக்கு எதிரி என்று நினைக்காதீர்கள், பல நேரம் அதுதான் கதையை நடத்திக் கொடுக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும் வழக்கம் உண்டு, ஞாயிறு விடுமுறை. அப்படியானால் மகன் ஞாயிறன்றுதான் வர முடியும். தமிழ்நாட்டில் ரேஷன் கடைக்கு மாதத்தின் முதல் இரண்டு வாரம் வெள்ளி விடுமுறை, கடைசி இரண்டு வாரம் ஞாயிறு விடுமுறை. ஆகவே மாதத்தில் முதல் இரண்டு ஞாயிறு மட்டுமே அவளுக்கு மகன் கிடைப்பான். நானாக யோசித்திருந்தால் இப்படி ஒரு நெருக்கடி எனக்குத் தோன்றியிருக்காது. நடமாட முடியாத முதியோருக்குப் பதிலாக வேறொருவர் வாங்கிக்கொள்ள ஒப்புதல் படிவம் உண்டு என்றும் தெரிந்தது. ‘இது தெரிந்தால் கதை உடைந்துவிடுமே’ என்று முதலில் பயந்தேன். உடையவில்லை. விற்பனையாளர் அந்தப் படிவத்தை எடுத்துக் கொடுக்கிறார், அவள் வேண்டாம் என்கிறாள். எதற்கு வேண்டாம் என்கிறாள் என்று வாசகர் யோசிக்கத் தொடங்கும் இடம் அது. பிற்பாடு கருவிழிப் பதிவும் வந்துவிட்டதால், கதையை அது வருவதற்கு முந்தைய காலத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று சும்மாவா சொன்னார்கள்!

அடுத்தது, யார் சொல்வது. சங்க அகப்பாட்டு ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்பு இருக்கும்: தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது, வளர்ப்புத்தாயான செவிலி, பெற்ற தாயான நற்றாய்க்குச் சொன்னது என்று. கூற்று என்று அதைச் சொல்வார்கள். யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள் என்பது தெரியாமல் அந்தப் பாட்டு முழுதாகப் புரியாது. கதைக்கும் இது அப்படியே பொருந்தும். எழுதும் முன் உங்கள் கதைக்கும் இப்படி ஒரு கூற்று வரியை எழுதிக்கொள்ளுங்கள். என் கதையைப் பாட்டியின் பக்கமிருந்து சொன்னால், விரலைத் தேய்ப்பது முதல் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பிடிபடுவாளா என்ற பதைப்பில் கதை ஓடும். விற்பனையாளர் சொன்னால் தினமும் நூறு பேரைப் பார்க்கும் ஒருவரின் அலுப்பும் இரக்கமும் கலந்த கதையாகும். நான் மகனைத் தேர்ந்தெடுத்தேன். பஸ் செலவுக் கணக்கோடும் எரிச்சலோடும் வருகிறவன் அவன். அவனுக்குத் தெரியாத ஒன்று அந்த வீட்டு வாசற்படியில் இருக்கிறது. எவருக்குத் தெரியாதோ, தெரிந்தால் எவர் மாறுவாரோ, அவர் பக்கம் நிற்பது பெரும்பாலும் பலன் கொடுக்கும். ஒருமுறை ஒருவர் பக்கம் நின்றுவிட்டால் சிறுகதையில் பக்கம் மாறாதீர்கள். மகனோடு சாப்பிட உட்கார்ந்த வாசகரை, ‘பாட்டி மனத்துக்குள் நினைத்தாள்’ என்று இழுத்துக்கொண்டு போனால் அதுவரை சேர்த்த நம்பிக்கை கலைந்துவிடும்.

எந்த இடத்தில் தொடங்குவது? ஒரு சிறுபத்திரிகைக்கு வரும் கதைகளைப் பல ஆண்டுகள் படித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை காலையில்தான் தொடங்கும். இப்படி:

‘கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்தான். எழுபது வயதான ராமாயி பாட்டி ஏழ்மையில் வாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே மகன். அவன் பெயர் முருகேசன்.’

இதையே இப்படிப் பாருங்கள்:

‘பஸ்ஸுக்கு மட்டும் முந்நூறு ரூபாய் ஆகியிருந்தது. முருகேசன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “ஒன்பது மணிக்குக் கடை திறந்துவிடுவார்கள், வா” என்றான். அம்மா அடுப்படியிலிருந்து வரவில்லை. மீன் வறுபடும் வாசனைதான் வந்தது.’

முதலாவதில் எழுதியவர் நமக்குத் தகவல் கொடுக்கிறார். இரண்டாவதில் அவன் அவசரம் ஒரு பக்கம், அவள் அவசரமின்மை இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவே மீன். மகன் வருகிறான் என்று அவள் கடனுக்காவது மீன் வாங்கியிருப்பாள் என்பதை யாரும் சொல்லவில்லை, நமக்கே தெரிகிறது. வறுமை, பாசம் என்ற இரண்டு சொல்லும் அந்த வரிகளில் வரவில்லை. உணர்ச்சியின் பெயரை எழுதக் கை போகும்போதெல்லாம் நிறுத்தி, அந்த நேரத்தில் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எழுதுங்கள்.

காலத்தையும் சுருக்குங்கள். பாட்டியின் திருமணம், கணவர் இறந்தது, மகன் திருப்பூருக்குப் போனது என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினால் அது நாவலுக்கான தூரம். இந்தக் கதைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்: வந்து இறங்குவது, கடை, வீடு, சாப்பாடு, பஸ். பழையவற்றில் தேவையானது ஒன்றிரண்டு இடையில் தானாக எட்டிப் பார்க்கும்.

பேச்சைப் பற்றிக் கொஞ்சம். வட்டார வழக்கில் எழுத வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். நீங்கள் வளர்ந்த ஊரின் பேச்சு என்றால் தாராளமாக எழுதுங்கள். கேட்டுப் பழகாத வழக்கைப் புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள், அந்த ஊர்க்காரர் இரண்டே வரியில் கண்டுபிடித்துவிடுவார். வழக்கைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. மனிதர்கள் மனத்தில் இருப்பதை நேராகப் பேசுவதில்லை. ‘உன்னைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை’ என்று ராமாயி ஒருநாளும் சொல்லமாட்டாள். “இன்னும் ஒரு துண்டு வைக்கட்டுமா?” என்பாள். உங்கள் கடை மேசையில் இதை நீங்கள் தினம் கேட்கிறீர்கள். “கொஞ்சம் விலை குறைந்ததாக ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்கிறவர், வேறு எதையெல்லாமோ அந்த ஒரு கேள்வியில் சொல்லிவிட்டுப் போகிறார்.

முடிவைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளில் கடைசியில் யாராவது இறந்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் எல்லாம் கனவாகிவிடுகிறது, அதுவும் இல்லாவிட்டால் ஒரு கடிதம் வந்து அதுவரை மறைத்ததையெல்லாம் சொல்லிவிடுகிறது. இந்த மூன்றையும் ஓர் ஆண்டுக்குத் தொடாதீர்கள். ராமாயியைச் சாகடித்தால் வாசகர் அழலாம். ஆனால் முருகேசன் என்ன செய்வான் என்ற கடினமான கேள்வியிலிருந்து எழுதியவர் தப்பித்துவிடுகிறார். சோறு போடும்போது அவள் கட்டைவிரலில் தோல் உரிந்து சிவந்திருப்பதை அவன் பார்க்கிறான். வெளியே போகும்போது வாசற்படிக் கல்லில் ஒரு வெளுத்த தடம். கேட்டுவிட வாய் திறக்கிறான். நான் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்: திட்டுகிறான், அழுகிறான், கூடவே அழைத்துக்கொண்டு போகிறான். எல்லாமே கொஞ்சம் அதிகமாக இருந்தன. கடைசியில், பஸ் ஏறும் முன் அவன் ஒன்றே ஒன்று கேட்கிறான்: “அடுத்த மாதம் என்றைக்கு அரிசி போடுவார்கள்?” அங்கே நிறுத்தினேன். அதற்குக் கீழே மேலும் ஒரு பத்தி இருந்தது, தாய்மையைப் பற்றி. அடித்துவிட்டேன்.

திருத்துவது இப்படித்தான் பெரும்பாலும் கழித்தலாக இருக்கும். முதல் வரைவை முடித்ததும் இரண்டு வாரம் எடுத்துப் பார்க்காதீர்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியம் பழுது, மனம் அலைகிற இடத்தில் பத்தி பழுது. முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள், பல நேரம் கதை அங்கேதான் தொடங்கியிருக்கும்.

படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்து ஆண்டுகளாகப் படிக்கிறேன் என்கிறீர்கள். வாசகராகப் படித்தீர்கள், இனி தொழிலாளியாகப் படியுங்கள். பிடித்த ஒரு கதையை எடுத்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ‘இங்கே நமக்குப் புதிதாக என்ன தெரிந்தது?’ என்று ஒரு வரி எழுதுங்கள். எந்தத் தகவலை ஆசிரியர் எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்து எப்போது விட்டார் என்பது தெரியவரும். ஒரு பக்கத்தைக் கையால் படியெடுத்தும் பாருங்கள். கண் தாண்டிப் போகும் சொல்லைக் கை தாண்டாது.

நோட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உங்கள் மேசைக்கு வருகிறவர்கள் நோயை நம்பிச் சொல்கிறார்கள். அவர்கள் பெயரோ, அடையாளம் காட்டும் விவரமோ நோட்டில்கூட ஏறக் கூடாது. நோயை மாற்றுங்கள், வயதை மாற்றுங்கள், தெருவை மாற்றுங்கள். மாற்றும்போதே அந்த ஆள் உங்கள் பாத்திரமாக ஆகத் தொடங்கிவிடுவார். தினம் ஐந்து வரி போதும்: கண்ணால் பார்த்த ஒரு செயல், காதில் விழுந்த ஒரு வாக்கியம், உங்களுக்குப் புரியாமல் போன ஒன்று. மூன்றாவதை மட்டும் எந்த நாளும் விடாதீர்கள். எனக்கு அந்தப் பாட்டியிடம் புரியாமல் போனது, வெறும் பையை அவ்வளவு அழகாக மடித்ததுதான்.

போட்டிகளுக்கு உடனே அனுப்ப வேண்டாம். ஐந்து கதைகளை முழுதாக முடியுங்கள், மோசமாக வந்தாலும் முடியுங்கள். முடிக்காத பத்துத் தொடக்கங்களைவிட, முடித்த ஒரு சுமாரான கதை அதிகம் கற்றுக்கொடுக்கும்.

நாளைக்கே தொடங்கலாம். ‘எது முக்கியமோ அதை மட்டும்’ என்று கேட்கும் அந்த ஒருவர் உங்கள் கடைக்கு மறுபடி வருவார். சீட்டில் உள்ள நான்கு மருந்தில் அவர் எதை வாங்கிக்கொண்டார், எதை விட்டுவிட்டுப் போனார் என்று கவனியுங்கள். வலி மாத்திரையை விட்டாரா, சத்து மாத்திரையை விட்டாரா? மருந்து அவருக்கா, வீட்டில் இருக்கும் வேறு யாருக்காவதா? மீதி மருந்து எங்கே என்று வீட்டில் கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? அந்தப் பதிலை நாளை இரவு எழுதுங்கள்.